செண்பகனூர் ஒடுக்கமும் இரண்டு கோடுகளும்

காப்பீட்டுத் துறையில் வேலை பார்ப்பவனுக்குத் தவக்காலம், அதாவது பாஸ்காவுக்கு (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு) முந்தைய நோன்புக் காலம், கொஞ்சம் சங்கடமான காலம். விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் நடுவில்தான் பெரும்பாலும் மார்ச் மாதம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆண்டு முடிவு, கிளையின் இலக்கு, கோட்டத்தின் இலக்கு என்று கைப்பேசி ஓயாது. அந்த மாதத்தில் விடுப்பு கேட்பவனை யாரும் மகிழ்ச்சியாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூர்ப் பக்கம் ஒரு தியான இல்லத்தில் ஒடுக்கத்துக்கு, அதாவது சில நாள் ஒதுங்கி மௌனமாகச் செய்யும் தியானத்துக்கு, இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். "நானும் வருகிறேன்" என்று அத்தையும் கிளம்பிவிட்டார்.

அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒரு சந்தி நோன்பு என்றால் ஒரு வேளைச் சாப்பாடுதான், அதில் சமரசமே கிடையாது. பேசாமல் இருப்பதுதான் அவரால் முடியாத காரியம். அங்கே முழு மௌனம் என்று முன்கூட்டியே எச்சரித்தேன். "செபமாலையைச் சத்தமாகச் சொன்னால் அது பேச்சில் சேருமா?" என்று கேட்டார். சேராது என்றேன். "அப்படியென்றால் சமாளித்துக்கொள்வேன்" என்று கம்பளியை எடுத்து வைத்தார்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மேலே ஏறும் பாதையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வளைவுகளில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்திருப்பார்கள், மீதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். இந்தச் சாலை வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கமிருந்து கால்நடையாகவும் குதிரையிலும் டோலியிலும்தான் ஏறியிருக்கிறார்கள். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் காய்ச்சலுக்கும் கொள்ளை நோய்க்கும் தப்ப 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டத் தொடங்கினார்கள். கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையின் பிரெஞ்சு நாட்டுக் குருக்கள் சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தார்கள். உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்தவர்கள் உண்டாக்கிய ஊர் இது. ஏரியும் படகும் சாக்லேட் கடைகளும் பிற்பாடு வந்தவை. செண்பகனூரில் 1895-இல் எழுந்த திரு இருதயக் கல்லூரி, சபையில் சேர்ந்த இளைஞர்களைப் பல தலைமுறைகளாகப் பயிற்றுவித்த இடம். அதன் அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை.

எங்கள் இல்லம் சாதாரணமானது. தகர வாளி, கட்டில், மேசை, சுவரில் ஒரு பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசு). காலையில் சன்னலைத் திறந்தால் மூடுபனி அறைக்குள்ளேயே வந்துவிடும். வெள்ளிக்கிழமை என்பதால் கஞ்சியும் துவையலும். அத்தைக்கு அந்தத் துவையலில் உப்பு போதவில்லை. மௌனத்தில் இருந்ததால் சொல்ல முடியவில்லை. ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

தியானம் கொடுத்த சாமி (குருவானவர்) வயதானவர், மெதுவாகப் பேசுபவர். முதல் உரையில் அவர் கேட்ட கேள்வி எனக்குச் சுருக்கென்றது. "போன ஆண்டுத் தவக்காலத்தில் என்ன தீர்மானம் எடுத்தீர்கள்? நினைவிருக்கிறதா?" அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மௌனத்தால் அல்ல என்று எல்லாருக்கும் தெரியும். "நல்ல கிறிஸ்தவனாக வாழ்வேன், அதிகமாகச் செபிப்பேன், கோபத்தை விட்டுவிடுவேன். இப்படித்தானே எடுத்திருப்பீர்கள்? இவை தீர்மானங்கள் இல்லை, ஆசைகள். ஆசைக்குக் கணக்குக் கேட்க முடியாது."

பிறகு சக்கேயுவிடம் போனார். லூக்கா நற்செய்தியின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் வரும் அந்தக் குள்ளமான வரிதண்டுபவரின் கதையை, இயேசுவைப் பார்க்க அவர் ஏறிய அத்திமரத்தோடு நாம் விட்டுவிடுகிறோம். இயேசு வீட்டுக்குள் வந்த பிறகு அவர் "இனி நல்லவனாக இருப்பேன்" என்று சொல்லவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்புவேன் என்றார். தொகையோடு பேசுகிற மனமாற்றம். வரிதண்டுபவர் என்பதால் அவருக்கு எண்ணில்தான் மனந்திரும்ப வந்தது போலும். காப்பீட்டுக்காரனாகிய எனக்கு அது பிடித்திருந்தது.

மதியத்துக்குப் பின் கரும்பலகை வந்தது. ஈரம் ஊறிய பலகை, சாக்பீஸ் வழுக்கியது. சாமி அதில் ஒரு படுக்கைக் கோடு போட்டார். அதற்குக் கீழே இன்னொன்று. அடுத்த இணை கொஞ்சம் குட்டை, அதற்கடுத்தது இன்னும் குட்டை. ஏழு நாளைக்கு ஏழு இணைகள், கடைசி இணை விரற்கடை அளவுதான். இது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் நூலிலேயே இந்தக் கோடுகள் இருக்கின்றன. 1521-இல் பாம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை முறித்த பிறகு, படுக்கையில் கிடந்து மனம் மாறிய படைவீரர் அவர். மன்ரேசா ஊரில் தாம் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதி வைத்தார். திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு அது 1548-இல் அச்சில் வந்தது. முப்பது நாள் அளவுக்கு நான்கு வாரங்களாகப் பிரித்த பயிற்சி. நாங்கள் செய்தது அதன் ஒரு சிட்டிகை.

முறை இதுதான். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு எடுக்கக் கூடாது. காலையில் எழுந்ததும், இன்று இதில் விழாமல் பார்த்துக்கொள்வேன் என்று மனத்தில் நிறுத்த வேண்டும். மதிய உணவுக்குப் பின் காலையிலிருந்து மணிக்கு மணி ஓட்டிப் பார்த்து, எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளி மேல் கோட்டில். இரவு உணவுக்குப் பின் மீதி நேரத்துக்குக் கீழ்க் கோட்டில். இடையில் விழுந்த அந்தக் கணமே மார்பில் கை வைத்து வருந்த வேண்டும். இதைக் கூட்டத்தில் இருக்கும்போதும் பக்கத்தில் இருப்பவர் அறியாமல் செய்துவிடலாம் என்று நூலே சொல்கிறது. இரவில் மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் ஒப்பிட வேண்டும், மறுநாள் நேற்றோடு, வார முடிவில் போன வாரத்தோடு.

எனக்குள் இருந்த அலுவலகக்காரன் உடனே விழித்துக்கொண்டான். இதுவும் இலக்குதானே, இதுவும் அறிக்கைதானே, இதற்காகவா மார்ச்சில் மலையேறினோம்? அன்று இரவு தனியாகச் சாமியைப் பார்த்துக் கேட்டேன். அவர் பலகையைக் காட்டினார். "உங்கள் அலுவலகத்தில் அடுத்த ஆண்டு கோடு நீளுமா, குறுகுமா?" நீளும் என்றேன், வேறென்ன சொல்வது. "இங்கே குறுகுகிறது" என்றார். அவ்வளவுதான் அவர் பதில். நான் அறைக்குப் போய் நெடுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் எட்டிய இலக்கு அடுத்த இலக்கின் அடிப்படை ஆகிவிடும், ஓய்வே இல்லை. இஞ்ஞாசியாரின் கணக்கில் எழுத ஒன்றும் இல்லாமல் போவதுதான் எட்டும் இடம். அதோடு, அன்றாட ஆன்ம சோதனையை அவர் தொடங்குவது புள்ளியில் அல்ல, நன்றியில். பெற்ற நன்மைகளுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்வது முதல் படி, பிறகுதான் குறைகள். எந்த ஆய்வுக் கூட்டமும் அப்படித் தொடங்கி நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்னும் சீர்திருத்தத் திருச்சபைக் குடும்பங்கள் உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புத்தாண்டு வாக்குத்தத்த வசன அட்டை வாங்கி வந்து வரவேற்பறையில் வைப்பார்கள். நல்ல வழக்கம். ஆனால் அது கடவுள் நமக்குக் கொடுக்கும் வாக்கு. நாம் அவருக்கு எழுதிக் கொடுக்கும் அட்டை எங்கே என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஜான் வெஸ்லி 1755-இல் மெத்தடிஸ்டுகளுக்காகத் தொடங்கிய உடன்படிக்கை வழிபாட்டில் அந்த மறுபக்கம் இருக்கிறது. இன்றும் பல இடங்களில் புத்தாண்டையொட்டி அதை நடத்துகிறார்கள். கத்தோலிக்கர்களாகிய நாமும் பாஸ்கா இரவில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். "விட்டுவிடுகிறேன்" என்று உரக்கச் சொல்கிறோம். எதை என்று கேட்டால்தான் விழிப்போம்.

மறுநாள் சாமி சொன்னவற்றில் இரண்டு எனக்குப் பெரிதாகப் பட்டன. இரண்டும் அந்த நூலில் உள்ளவை. ஒன்று: மனம் சோர்ந்து வறண்டு கிடக்கும்போது, முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. இது ஓரளவு எல்லாரும் சொல்வதுதான். மற்றது அபூர்வம். உருக்கம் பொங்கும்போது அவசரப்பட்டு வாக்கோ நேர்ச்சையோ கொடுத்துவிடாதபடி தியானம் கொடுப்பவர் தடுக்க வேண்டும், எளிதில் உணர்ச்சிவசப்படுபவர் என்றால் இன்னும் அதிகமாகத் தடுக்க வேண்டும். எழுப்புதல் கூட்டங்களில் நாம் காண்பதற்கு இது நேர் எதிர். அங்கே கண்ணீர் வடியும் நேரம் பார்த்துத்தான் கையைத் தூக்கச் சொல்கிறார்கள். தூக்கிய கை ஊருக்கு வந்ததும் இறங்கிவிடுகிறது, குற்ற உணர்வு மட்டும் மிஞ்சுகிறது. இது என் கருத்து, சாமி இவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை.

கடைசி நாள் திருப்பலி முடிந்து மௌனம் கலைந்தது. அத்தை ஒரே மூச்சில் பேசத் தொடங்கினார், கொடைக்கானலில் இருக்கும் சலேத் மாதா கோவில் வரும் வரை நிறுத்தவில்லை.

சலேத் மாதா ஆலயம் 1866-இல் எழுந்தது. கட்டியவர் இயேசு சபைக் குரு லூயி செயிண்ட் சிர். ஆகஸ்ட் 14, 15 திருவிழாவுக்கு வந்தால் தேரையும் பூவையும் கூட்டத்தையும்தான் பார்க்க முடியும், எல்லா மதத்தவரும் வருவார்கள். தவக்காலத்தில் வருவது வேறு. முன் பெஞ்சில் எங்களைத் தவிர ஒரு தம்பதி மட்டும் இருந்தார்கள்.

சலேத் கதையை அத்தைக்குச் சொன்னேன். அவருக்கு வேளாங்கண்ணி அளவுக்கு இது பழக்கமில்லை. 1846 செப்டம்பர் 19, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள், பதினான்கு வயது மெலானி, பதினொரு வயது மாக்சிமின். முகத்தைக் கையில் புதைத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டார்கள். மார்பில் சிலுவை, அதன் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. ஞாயிறை அனுசரிக்காததைப் பற்றியும் மகனின் பெயரைத் தூற்றுவதைப் பற்றியும் வருந்தியவர், பிள்ளைகளிடம் நன்றாகச் செபம் செய்கிறீர்களா என்று கேட்டார். அவ்வளவாக இல்லை என்று பிள்ளைகள் உள்ளதைச் சொன்னார்கள். காலையும் மாலையும் குறைந்தது ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமுமாவது சொல்லுங்கள், நேரம் கிடைத்தால் கூடுதலாகச் சொல்லுங்கள் என்றார். ஐந்து ஆண்டுகள் விசாரித்த பிறகு 1851-இல் கிரனோபிள் ஆயர் இந்தக் காட்சியை ஏற்றார்.

"ஒன்றே ஒன்றா? ஐம்பத்து மூன்று மணி செபமாலை இல்லையா?" என்று அத்தை ஆச்சரியப்பட்டார். மேய்ச்சல் பிள்ளைகளுக்கு அவர்களால் முடிந்ததைக் கேட்டிருக்கிறார் என்றேன். அத்தை சற்று யோசித்தார். சுத்தியல் எதற்கு, குறடு எதற்கு என்று கேட்டார். ஆணி அடிக்க ஒன்று, பிடுங்க ஒன்று என்று விளக்கம் சொல்வார்கள் என்றேன். "அப்படியென்றால் நான் எடுத்திருப்பது குறடு" என்றார்.

அவர் எடுத்த குறை என்ன என்பது அப்போதுதான் வெளியே வந்தது, நான் கேட்கவில்லை. மருமகள் வைத்த சாப்பாட்டில் குறை சொல்லாமல் இருப்பது. உப்பு, புளி, காரம், எதைப் பற்றியும். பாஸ்கா வரைக்கும். என்னுடைய பாக்கெட் டைரியை வாங்கி என்னையே கோடு போடச் சொன்னார், கண் சரியாகத் தெரியாது என்பதால் கோடு தடிமனாக வேண்டும் என்றார். மேல் கோடு, கீழ்க் கோடு, வாரத்துக்கு ஏழு இணை, குட்டையாகிக்கொண்டே போகும்படி. "கடைசிக் கோட்டை இவ்வளவு சின்னதாகப் போட்டுவிட்டாயே தம்பி, இடம் போதாது" என்றார். என்னுடைய குறை எது என்று அவரும் கேட்டார். அது சாமிக்கும் எனக்கும் என்று சொல்லிவிட்டேன், இங்கும் அப்படியே.

இறங்கும் வழியில் பெருமாள்மலையில் பஸ் நின்றது. மலைப்பூண்டும் மலை வாழைப்பழமும் வைத்திருந்த அம்மாவிடம் அத்தை பூண்டுக்குப் பேரம் பேசினார். பல் சின்னது, ஈரம் அதிகம், போன தடவை வாங்கியது இன்னும் காரமாக இருந்தது என்று அடுக்கினார். அந்த அம்மாவும் விடவில்லை. ஒருவழியாக விலை படிந்தது. இருக்கையில் வந்து உட்கார்ந்த பிறகு டைரியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"பூண்டைக் குறை சொன்னதற்குப் புள்ளி உண்டா?"

மருமகள் சமையல்தானே கணக்கு என்றேன். அத்தை அதை ஒப்புக்கொண்டார். பிறகு, இந்தப் பூண்டை அவள் குழம்பில் போட்டால் என்ன கணக்கு என்று வத்தலக்குண்டு வரை விசாரித்துக்கொண்டே வந்தார்.