நியூட்டனிலிருந்து ஊட்ரம் பார்க்குக்கு எத்தனை வழிகள்?

வழிகளை எண்ணும் கணக்குகளில், கூட்டுவதா பெருக்குவதா என்ற குழப்பமே மாணவர்களைப் பெரிதும் தடுமாற வைக்கிறது. “அல்லது என்றால் கூட்டு, பிறகு என்றால் பெருக்கு” என்று துணைப்பாட வகுப்புகளில் சொல்லித் தருவது சரியே. ஆனால், எல்லா வழிகளும் ஒரே இடத்தைக் கடந்துதான் ஆக வேண்டுமா என்று பார்க்காமல் பெருக்கினால் விடை பிசகிவிடும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். நியூட்டன் நிலையத்திலிருந்து டோபி காட் வழியாக ஊட்ரம் பார்க் நிலையத்துக்கு எத்தனை வழிகள் என்பது கேள்வி. நியூட்டனிலிருந்து டோபி காட்டுக்கு வடக்கு-தெற்குப் பாதையில் நேரே போகலாம். அல்லது டௌன்டவுன் பாதையில் லிட்டில் இந்தியா வரை போய், அங்கே வடக்கு-கிழக்குப் பாதைக்கு மாறலாம். ஆக, 2 வழிகள். டோபி காட்டிலிருந்து ஊட்ரம் பார்க்குக்கு வடக்கு-கிழக்குப் பாதையில் நேரே போகலாம். அல்லது வடக்கு-தெற்குப் பாதையில் சிட்டி ஹால் சென்று கிழக்கு-மேற்குப் பாதைக்கு மாறலாம். இதுவும் 2. முதற்பகுதியில் எதைத் தேர்ந்தாலும் அடுத்த பகுதியில் அதே 2 வாய்ப்புகள் இருப்பதால், 2 × 2 = 4 என்று துணிந்து பெருக்கலாம். இவற்றில் இரண்டு வழிகளில் டோபி காட்டில் இறங்கவே வேண்டியதில்லை, ஏறிய ரயிலிலேயே தொடரலாம் என்பது வரைபடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தால்தான் புலப்படும்.

கேள்வியில் “டோபி காட் வழியாக” என்ற சொற்கள் இல்லாவிட்டால் 4 என்பது முழு விடையாகாது. டௌன்டவுன் பாதையிலேயே சைனாடவுன் வரை சென்று மாறும் வழியும், ஆர்ச்சர்ட்டில் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதைக்கு மாறும் வழியும் டோபி காட்டைத் தொடுவதே இல்லை. அவற்றைத் தனி வகைகளாக வைத்துக் கூட்ட வேண்டும். டௌன்டவுன் பாதையில் பூகிஸ் வரை சென்று கிழக்கு-மேற்குப் பாதைக்கு மாறுவதும் அப்படியே.

கட்டங்களாக அமைந்த தெருக்களிலும், எந்த வழிகள் ஒரே இடத்தைக் கடக்கின்றன என்ற இதே கேள்விதான் உதவுகிறது. கிழக்கே 3 கட்டமும் வடக்கே 2 கட்டமும் போக வேண்டும், பின்வாங்கக் கூடாது என்றால், 5 நகர்வுகளில் வடக்கே போகும் இரண்டைத் தேர்வதே கணக்கு: 10 வழிகள். கிழக்கே 1, வடக்கே 1 தள்ளியுள்ள சந்திப்பை மூடிவிட்டார்கள் என்று வையுங்கள். அதை அடைய 2 வழிகள், அங்கிருந்து சேருமிடத்துக்கு 3 வழிகள். எனவே 6 வழிகள் அடைபட்டு, 4 எஞ்சுகின்றன. நேரடியாக எண்ணியும் சரிபார்க்கலாம்: முதலில் கிழக்கே இரண்டு கட்டம் போனால் 3 வழிகள், வடக்கே இரண்டு கட்டம் போனால் 1 வழி.