மூடியத் தொறந்தா ஓடுது

வண்டி வாங்கி மூணு வாரம் ஆச்சு, ஓட்டுனத விட தள்ளுனது தான் ஜாஸ்தி. 2013 மாடல், 150 சிசி, கார்பரேட்டர் (பெட்ரோலயும் காத்தயும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புறது) வெச்ச வண்டி, செகண்ட் ஹேண்ட். டேங்க், மூடி எல்லாத்துக்கும் சேத்து கருப்பு பெயிண்ட் அடிச்சு பளபளன்னு நிறுத்தி வெச்சிருந்தாங்க, அதப் பாத்து தான் உழுந்தேன்.

காலைல திருவொற்றியூர்ல ஒரே கிக்கு, ஸ்டார்ட் ஆயிடும். கண்டெய்னர் லாரிக்கு நடுவுல பூந்து பூந்து காசிமேடு வர்ற வரைக்கும் ஒரு குறையும் கிடையாது. ராயபுரம் வந்துச்சுன்னா மொதல்ல இழுக்காது, முறுக்க முறுக்க திக்கும், அப்புறம் பொசுக்குனு ஆஃப். ஒரு நாள் ராயபுரம் ஸ்டேஷன் கிட்டயே நின்னுடுச்சு. 1856ல தொறந்த ஸ்டேஷன், இன்னும் அதுல ட்ரெயின் போய்னு தான் இருக்கு, நம்மள்து தான் போவல.

ஓரங்கட்டி, மூடியத் தொறந்து பெட்ரோல் இருக்கான்னு பாத்து, டேங்க்க ஆட்டிப் பாத்து, மூடிட்டு, ஒரு பத்து நிமிஷம் கழிச்சு ஒதச்சா ஸ்டார்ட் ஆயிடும். யார்கிட்ட சொன்னாலும் சூடு, இஞ்சின் சூடாவுதுன்னாங்க. ப்ளக் மாத்தினேன், பழசு ஒண்ணும் கரி புடிச்சு இல்ல, டீ கலர்ல நல்லா தான் இருந்துச்சு, இருந்தாலும் மாத்தினேன். கார்பரேட்டர் கழட்டி க்ளீன் பண்ணாச்சு. ப்ளக்குக்கு கரண்ட் குடுக்கற காயில் போச்சுன்னு ஒருத்தர் சொல்ல அதுவும் புதுசு. சம்பளம் வந்த அன்னிக்கு ஃபுல் டேங்க் போட்டா, ராயபுரம் இல்ல, தண்டையார்பேட்டையிலயே நின்னுச்சு! பங்க்ல தண்ணி கலந்துட்டான்னு முடிவே பண்ணிட்டேன், வெள்ள பாட்டில்ல கொஞ்சம் புடிச்சு ராத்திரி பூரா வெச்சுப் பாத்தேன், அடியில சொட்டு தண்ணி தங்கல.

கடைசியா தண்டையார்பேட்டையில ஒரு வயசான மெக்கானிக். "ஓடும்போது எட்த்துனு வந்தா இன்னாத்தப் பாக்குறது தம்பி, நிக்கும்போது எட்த்துனு வா, எதையும் தொடாத" அப்டின்னார். மறுநாள் நின்ன எடத்துலேந்து வேர்க்க வேர்க்க தள்ளினு போனேன். ப்ளக்க கழட்டி, கேப்போட இஞ்சின் மேல வெச்சு கிக் பண்ண சொன்னார், நீலமா பொறி. ப்ளக்க திரும்ப மாட்டிட்டு தான் (பொறியும் பெட்ரோலும் ஒண்ணா வெச்சு வெளாடாதீங்க) கார்பரேட்டர் அடியில பெட்ரோல வடிக்கறதுக்கு இருக்கற ஸ்க்ரூவ லூஸ் பண்ணார். ரெண்டே சொட்டு, அவ்ளோதான். "கரண்ட் வர்து, பெட்ரோல் வர்ல."

அப்புறம் சாவி போட்டு டேங்க் மூடியத் தொறந்தார். ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம், கீழ டப்பாவுல பெட்ரோல் கொட ஆரம்பிச்சுச்சு.

"எண்ண டின்னுக்கு எத்தினி ஓட்ட போடுவ?"

"ரெண்டு ணா."

"எதுக்கு?"

பெட்ரோல் எறங்க எறங்க அந்த எடத்துக்கு காத்து உள்ள போவணும், அதுக்கு மூடியில ஒரு சின்ன ஓட்ட இருக்கு, பெயிண்ட் அடிச்சவங்க அதையும் சேத்து அடச்சுட்டாங்க. காத்து இல்லன்னா டேங்க் பெட்ரோல உள்ளயே இழுத்துப் புடிச்சுக்கும். ஃபுல் டேங்க்ல மேல காத்து கொஞ்சம் தான, அதனால சீக்கிரமே நின்னுருக்கு. நான் என்னடான்னா பாவம் அந்த பங்க் காரன திட்டினு இருந்தேன். அதோட தெனமும் ரோட்ல நின்னு நானே மூடியத் தொறந்து தொறந்து வைத்தியம் பாத்துட்டு, வண்டி ஆறிடுச்சு அதான் ஓடுதுன்னு நெனச்சிருக்கேன்.

பழைய கிளட்ச் கேபிள்லேந்து ஒரு கம்பிய பிரிச்சு ஓட்டையில குத்தினார், கடுகு சைஸுக்கு கருப்பு பெயிண்ட் பேந்து வந்துச்சு. அம்பது ரூபா வாங்கினார்.

நாலு நாளா பாரீஸ் கார்னர் வரைக்கும் நிக்காம போவுது. கழட்டிப் போட்ட காயில் சைடு பாக்ஸ்ல தான் கெடக்குது, அது நல்ல காயில், யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.