காலையில் மட்டும் இழுக்காத வண்டி

என் டர்போ டீசல் வண்டி பனிக்காலத்தில் ஸ்டார்ட் ஆவதற்குத் தகராறு செய்ததே இல்லை. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஓடும், சத்தமும் சீராக இருக்கும். பழைய மூணாறிலிருந்து தேவிகுளம் ஏற்றத்தில் சக்கரம் வைத்ததும்தான் அதன் குணம் மாறும். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் மூன்றாவது கியரில் இழுக்காது. இரண்டாவதுக்கு இறக்கி, பின்னால் வரும் லாரிக்கு வழிவிட்டு ஓரமாக ஊர வேண்டியதுதான். கேப் ரோட்டைத் தாண்டிச் சின்னக்கானல் போய்ச் சேர்வதற்குள் பிக்கப் தானாகத் திரும்பிவிடும். போடிமெட்டு வளைவுகளில் இறங்கி, போடியில் மெக்கானிக்கிடம் நிறுத்தினால் ஒரு குறையும் இல்லாத வண்டி.

யோசித்துப் பார்த்தால் இது தலைகீழான நோய். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஆக்சிஜன் கூடுதலாக உள்ளே போகும். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ, அழுத்திச் சூடாக்கிய காற்றை ஆறவைக்கத்தானே இன்டர்கூலர் என்ற ஒன்றையே வைத்திருக்கிறார்கள்? மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு என்று ஒருவர் விளக்கினார். உண்மைதான். ஆனால் மத்தியானத்திலும் மூணாறு அதே உயரத்தில்தான் இருக்கிறது. மத்தியானம் வண்டி பறக்கிறது.

ஸ்டாண்டில் எல்லோரும் டீசலைத்தான் குற்றம் சொன்னார்கள். எங்கள் பக்கத்து வண்டிகள் பல, போடிக்கு இறங்கும்போதே டேங்கை நிரப்பிக்கொள்ளும். 2023 ஏப்ரலில் கேரள அரசு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்ட பிறகு நானும் அப்படித்தான். "கீழே அடித்த டீசல் மேலே வந்து உறைகிறது" என்றார்கள். அபத்தமான சந்தேகம் அல்ல. டீசலில் இயல்பாகவே மெழுகு உண்டு. குளிர் கூடும்போது அது துகள்களாகப் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். அப்படி அடைபடும் வெப்பநிலை குளிர்காலத்தில் 6 டிகிரிக்கும் கோடையில் 18 டிகிரிக்கும் மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. இங்கேயோ ஜனவரி விடியலில் பூஜ்ஜியத்தைத் தொட்டு உறைபனி விழும் எஸ்டேட்டுகள் இருக்கின்றன. லடாக்கின் குளிருக்காக, மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் தனியாகவே கொண்டுவந்தது. ஆகவே ஃபில்டரை மாற்றினேன், தேங்கிய தண்ணீரை வடித்தேன், மூணாறிலேயே டீசல் போட்டுப் பார்த்தேன். தேவிகுளம் ஏற்றத்தில் அதே ஊர்வலம்.

போடியில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள். பி 0299 என்ற குறியீடு வந்தது. டர்போ கொடுக்க வேண்டிய அழுத்தம் வரவில்லை என்று பொருள். அது காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும் தெர்மாமீட்டர். என்ன காய்ச்சல் என்று சொல்லாது. அவர்களோ உடனே புது டர்போவுக்கு மதிப்பீடு எழுதினார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றதும் குறியீட்டை அழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான். குறியீடு பதிவான நொடியில் இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, எத்தனை சுற்றில் ஓடியது என்ற விவரமும் அதனுடன் சேர்ந்து பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். மதிப்பீட்டுக்குக் காட்டிய அக்கறையை அந்த விவரத்துக்கும் காட்டியிருக்கலாம்.

அதன் பிறகு ப்ளூடூத்தில் இயங்கும் சிறிய ஸ்கேனர் ஒன்றை வாங்கி, போனில் நானே பார்க்கத் தொடங்கினேன். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால், இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். மூணாறில் 84 கிலோபாஸ்கல், போடியில் 97. சென்சார் பொய் சொல்லவில்லை. மத்தியான ஏற்றத்தில் முழுதாக மிதித்தால் அதே எண் 200-ஐத் தாண்டியது. விடியற்காலையில் 110-ஐ எட்டவே திணறியது. அந்த நேரத்திலும் இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் குழாயின் அழுத்தம், வண்டியின் கம்ப்யூட்டர் கேட்ட அளவில் அப்படியே நின்றது. டீசல் மேல் இருந்த பழி அத்தோடு நீங்கியது. அழுத்தம் நெடுநேரம் வராவிட்டால் கம்ப்யூட்டர் பயந்து சக்தியை இன்னும் குறைத்துவிடும். வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் அந்தத் தடை மட்டும் விலகும். "ஆஃப் செய்து போட்டால் சரியாகிறது, வயரிங் கோளாறு" என்று பலர் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இந்த எண்களோடு மூணாறிலேயே ஒரு மெக்கானிக்கிடம் போனேன். கேட்டுவிட்டு அவர் வண்டியைத் தொடவே இல்லை. "அண்ணாச்சி, இப்போது பார்த்து என்ன பயன்? ராத்திரி வண்டியை வெளியிலேயே நிறுத்துங்கள். தார்ப்பாய் போடாதீர்கள். வெளிச்சம் வருவதற்கு முன்னால் நான் வருகிறேன். அதுவரை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்" என்றார்.

குரங்குக் குல்லாயும் டார்ச்சுமாக வந்தார். என் வண்டியின் டர்போவில் உள்ள இறகுகளை ஒரு கம்பி அசைக்கிறது; அந்தக் கம்பியை வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சுவதால் வரும் இழுப்பு, இழுக்கிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் கம்பி உள்ளே இழுபட வேண்டும். ஸ்டார்ட் செய்தேன். கம்பி ஒரு நூல் அளவு அசைந்து நின்றுவிட்டது. கைப் பம்பை நேராக அங்கே மாட்டி உறிஞ்சினார். கம்பி முழுதாக உள்ளே போய், விடும்வரை அப்படியே நின்றது. டர்போவுக்கும், கம்பியை இழுக்கும் ரப்பர் சவ்வான டயாபிரத்துக்கும் குறையில்லை. பிறகு மானியை வைத்து, வேக்குவம் பம்பிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக வந்தார். மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு வரை வேக்குவம் நன்றாக இருந்தது, அதைத் தாண்டிய மெல்லிய ரப்பர் குழாயில் விழுந்தது. பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருந்த இடத்தில், வளைத்தால் மட்டும் தெரியும் ஒரு வெடிப்பு.

என்னை அசத்தியது அடுத்து அவர் செய்ததுதான். புதுக் குழாயை எடுக்கவில்லை. வீட்டில் வெந்நீர் கேட்டு, துணியை நனைத்துப் பிழிந்து அந்த வெடிப்பைச் சுற்றிப் பிடித்தார். குளிரில் விறைத்திருந்த ரப்பர் இளகி வாயை மூடிக்கொண்டது. கம்பி எங்கள் கண்முன்னே உள்ளே போனது. பானட்டுக்குள் சூடு ஏற ஏற, சின்னக்கானல் போய்ச் சேர்வதற்குள் நடந்துகொண்டிருந்ததும் இதுதான். பிரேக்கில் வித்தியாசம் தெரியாததற்கும் அவரிடம் விடை இருந்தது: பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய் தடிமனானது, தனி வழி, நடுவில் ஒருவழி வால்வும் உண்டு.

வெடித்த துண்டை மட்டும் வெட்டி ஒட்டாமல், வால்வுக்கு முன்னும் பின்னும் இருந்த மெல்லிய குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். வயது எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே. குழாய்க்கான செலவு, நான் வீணாக மாற்றிய டீசல் ஃபில்டரின் விலையைக்கூடத் தொடவில்லை. கூலியாக அவர் கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன். மறுநாள் விடியலில் தேவிகுளம் ஏற்றத்தில், மூன்றாவது கியரில், போனில் 200 தெரிந்தது.

டர்போவின் கம்பியை வேக்குவத்துக்குப் பதில் மின்மோட்டார் இயக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழாய்க் கதை பொருந்தாது. அவர்கள் இன்டர்கூலர் ஹோஸ்களின் கிளாம்ப் அருகே எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம், அதையும் வண்டி சூடாவதற்கு முன்பே.