கூக் டவுன் வீட்டுக் கணப்புக்குப் புதுக்கல்

நவம்பர் 9, 2025, ஞாயிறு

கூடத்துக் கணப்பின், அதாவது விறகு மூட்டிக் குளிர்காயும் சுவரடுப்பின், முகப்பை மாற்றுவது என்று இன்று முடிவாகிவிட்டது. அதை அடைத்துவிட்டு டிவி மாட்டலாம் என்று கொழுந்தன் சொன்னான். அத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், அடைமழை நாட்களில் கைக்குழந்தைத் துணிகளை இதன் முன்னால் கொடி கட்டித்தான் உலர்த்தினாராம். "எரிஞ்ச அடுப்பை அடைக்கக் கூடாதுடா" என்றார். என் எண்ணமும் அதுதான்.

பெங்களூரில் கணப்பு எதற்கு என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் இது. 1884 ஜனவரியில் 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. 1809-இல் கன்டோன்மென்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பு வந்த பிறகு எழுந்த பழைய பங்களாக்களில் மங்களூர் ஓடும், ஜன்னலுக்கு மேலே கூம்பி நிற்கும் மரச் சட்டமான மங்கி டாப்பும் எப்படியோ, கணப்பும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அது இன்னும் புகையை ஒழுங்காக மேலே இழுக்கிறது. கெட்டுப்போனது முகப்பு மட்டும்தான். செங்கல்மேல் சுண்ணாம்பு, அதன்மேல் எனாமல் பெயின்ட், அங்கங்கே பொருக்கு.

நவம்பர் 12, புதன்

முதலில் சாதஹள்ளிக் கல்லைத்தான் நினைத்தேன். இந்த ஊர்ச் சாம்பல் கிரானைட், அழகு. ஆனால் நாலு அங்குலக் கனத்தில் வைத்தால் ஒரு சதுர அடிக்கு 25 கிலோ ஆகும். அதைத் தாங்க அடியில் தனி அஸ்திவாரம் வேண்டும். அதற்காகப் பழைய ரெட் ஆக்சைடு தரையைத் தோண்ட எனக்கு மனமில்லை.

அதனால் வார்ப்புக் கல். நிஜக் கல்லிலிருந்து எடுத்த ரப்பர் அச்சுகளில் சிமென்ட், எடை குறைந்த ஜல்லி, இரும்பு ஆக்சைடு நிறமி எல்லாம் கலந்து ஊற்றி எடுக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படிச் சுவரில் ஒட்டும் கல்லுக்குச் சதுர அடிக்கு 15 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்குள் என்று வரம்பு இருக்கிறது. சுவரே தாங்கிக்கொள்ளும்.

கல் வாங்கிய கடையில், "பெயின்ட் மேலேயே டைல் பசையைத் தடவி ஒட்டிடுங்க மேடம், ஒரே நாள் வேலை" என்றார்கள். கேட்டுவிட்டு எனக்குத் தூக்கம் போய்விட்டது. கல் பசையைப் பிடித்துக்கொள்ளும், பசை பெயின்டைப் பிடித்துக்கொள்ளும், சரி. பெயின்ட் எதைப் பிடித்துக்கொள்ளும்? பொருக்கு உதிர்ந்துகொண்டிருக்கும் சுவர் அது. கீழே உட்கார்ந்து விளையாடுவது குழந்தைகள்.

நவம்பர் 15, சனி

மேஸ்திரி வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், அல்சூரில் பல வருஷமாகக் குடியிருக்கிறார். சுவரைப் பார்த்ததும் பேசாமல் ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கிக் கையால் தெளித்தார். பெயின்ட் இருந்த இடத்தில் முத்து முத்தாக உருண்டு இறங்கியது. பெயின்ட் உதிர்ந்து செங்கல் தெரிந்த இடத்தில் பட்டவுடனே உறிஞ்சிக்கொண்டது. "பார்த்தீங்களாம்மா, தண்ணி குடிக்காத சுவரு கலவையையும் குடிக்காது" என்றார். கடைக்காரர் பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

முழுவதையும் செங்கல் வரை கொத்தி எடுப்பது என்று ஆயிற்று. நான் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்: உலர்வாகத் தேய்க்கக் கூடாது, நனைத்து நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். இந்தச் சுவரின் பச்சை எனாமல் அதற்கெல்லாம் மிகவும் முந்தியது. கூடத்தைத் தார்ப்பாய் கட்டி மறைத்தோம், எல்லோரும் என்95 மாஸ்க் போட்டுக்கொண்டோம், சுரண்டியதை ஈரத்தோடு அள்ளி மூட்டை கட்டினோம். குழந்தைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

பச்சைக்குக் கீழே கிரீம், கிரீமுக்குக் கீழே வெள்ளை, அப்புறம் செங்கல். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவர். சில இணைப்புகளில் விரல் வைத்தாலே பொடி உதிர்ந்தது. அவற்றைச் சுண்ணாம்பு வைத்தே அடைத்தார் மேஸ்திரி. மெத்தென்ற பழைய செங்கலில் நேராகச் சிமென்டை அறைந்தால், அது இறுகும்போது செங்கலின் தோலையே உரித்துக்கொண்டு வந்துவிடும் என்றார்.

அதற்குத்தான் வலை. சிக்கன் மெஷ் போதும் என்று சித்தாள் அக்கா நினைத்தார். நான் கால்வனைஸ் பண்ணின, வைர வடிவக் கண் கொண்ட கம்பித்தகட்டு வலை வாங்கி வைத்திருந்தேன். அதன் ஒவ்வொரு கண்ணும் சின்னக் கிண்ணம் போலச் சாய்ந்திருக்கும். கிண்ணத்தின் வாய் மேலே பார்க்க மாட்டினால்தான் கலவை அதில் உட்காரும். தலைகீழாக மாட்டினால் வழுக்கி இறங்கும். ஒன்றன்மேல் ஒன்று ஓர் அங்குலம் ஏறும்படி வைத்து, செங்கலுக்குள் இறங்கும் திருகாணியால் முடுக்கினார்கள்.

மேலே அரை அங்குலப் பூச்சு, சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று. எம்-சாண்டை, அதாவது கல்லை உடைத்து எடுத்த மணலை, சலித்தே போட்டார்கள். பூச்சு கொஞ்சம் இறுகியதும் ஆணியடித்த கட்டையால் படுக்கைவாட்டில் கீறிவிட்டார். கீறல்கள் வரிவரியாக, நேராக, அவ்வளவு அழகு. இதையா மூடப் போகிறோம் என்று இருந்தது.

தீ எரியும் குழிக்குள் வார்ப்புக் கல் வராது, சாதா சிமென்டும் வராது. சூட்டில் இரண்டும் வெடிக்கும். விரிந்திருந்த இடங்களில் சூடு தாங்கும் செங்கலும் களிமண்ணும் (ஃபயர் பிரிக், ஃபயர் கிளே) வைத்துச் சரிசெய்தாயிற்று.

நவம்பர் 19, புதன்

காலையும் மாலையும் பூச்சுக்குத் தண்ணீர். வேறு வேலை இல்லை.

நவம்பர் 22, சனி

கல் வைக்கும் நாள். எல்லாப் பெட்டிகளையும் திறந்து தரையில் பரப்பச் சொன்னேன். ஒரே பெட்டியிலிருந்து எடுத்து வைத்தால் ஒரு பக்கம் வெளுப்பாகவும் ஒரு பக்கம் கறுப்பாகவும் திட்டுத்திட்டாகத் தெரியும். பெட்டி மாற்றி மாற்றி எடுத்துக் கொடுத்தது நான்.

கல்லின் முதுகில் வெள்ளையாக ஒரு மாவு படிந்திருக்கும். அக்கா அதை பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் முக்கி, ஈரம் மினுக்காத அளவுக்கு உலரவிட்டுத் தந்தார். மேஸ்திரி முதுகு முழுக்க அரை அங்குலம் கலவை தடவி, சுவரில் வைத்து அழுத்தி, லேசாக ஆட்டினார். நாலு பக்கமும் கலவை பிதுங்கியதும் கையை எடுத்தார். ‘எல்’ வடிவ மூலைக் கற்கள் முதலில், ஒரே பக்கத்தில் நீளக் கை ஒரு வரிசைக்கு, குட்டைக் கை அடுத்த வரிசைக்கு.

கொஞ்ச நேரத்தில், ஒட்டிய கல் ஒன்றை அவரே பிடுங்கினார். எனக்குத் திக்கென்றது. கல்லின் முதுகிலும் சுவரிலும் கலவை முழுசாக, சமமாக இருந்தது. "பாதி இங்க, பாதி அங்க. இப்படி இருந்தாத்தான் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்று காட்டிவிட்டு, புதுக் கலவை போட்டு மறுபடி வைத்தார். கேட்காமலே இப்படிச் சோதித்துக் காட்டுகிறவரிடம் எதைக் கொடுத்தாலும் தகும்.

வெட்டிய ஓரத்தில் சிமென்டின் சாம்பல் நிறம் தெரியும். கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால் அந்த ஓரம் கீழே பார்க்க, மேலே இருந்தால் மேலே பார்க்க வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாலும் கண்ணில் படவில்லை.

நவம்பர் 24, திங்கள்

இணைப்புகளுக்குப் பையால் கலவை பிதுக்கி நிரப்பினார்கள். கட்டைவிரல் வைத்தால் தடம் மட்டும் விழும் பதத்தில் சீவி, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டார்கள். ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கத்துக்கு மட்டும் கண்டிப்பாகத் தடை போட்டேன். இது சிமென்ட், ஆசிட் நிறத்தைத் தின்றுவிடும்.

கணப்பு வாய்க்கு மேலே முகப்பில் வரும் தேக்குப் பலகை பற்றிக் கொழுந்தனோடு வாக்குவாதம். நெருப்பு வாய்க்குக் கிட்டே தாழ்வாக இருந்தால் அழகு என்கிறான். அமெரிக்கக் கட்டட விதிப்படி, செங்கல் கணப்பின் வாயிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் மரமே கூடாது. பன்னிரண்டு அங்குலத்துக்குள் இருந்தால், எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதில் எட்டில் ஒரு பங்குதான் வெளியே நீட்டலாம். எங்கள் பலகை ஏழு அங்குலம் நீள்கிறது. அளந்து, பன்னிரண்டுக்கும் மேலேயே பென்சில் கோடு போட்டுவிட்டேன். அத்தை என் பக்கம்.

டிசம்பர் 23, செவ்வாய்

இருபத்தெட்டு நாள் விட்டுத்தான் தீ என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். நடுவில் புகைக்கூண்டையும் துடைத்தாயிற்று. மேலே புறாக்கூடு இருந்தது. அதை எடுக்காமல் மூட்டியிருந்தால் புகையும் கார்பன் மோனாக்சைடும் கூடத்துக்குள்ளேயே திரும்பியிருக்கும்.

இன்று சாயங்காலம் சின்னதாக நாலு சுள்ளி, ஜன்னல் ஒருக்களித்துத் திறந்து. அரை மணி கழித்துப் பலகையின் அடியில் கை வைத்தேன். வெதுவெதுப்புதான். அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, காபியையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னார்.

தீ மூட்டுவதற்கு முன் காலையிலேயே எல்லாக் கற்களையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்திருந்தேன். இடதுபக்கம் கீழ்வரிசையில் ஒன்று மட்டும் உள்ளே வெற்றிடம் இருப்பது போல டொக்கென்று ஒலித்தது. மேஸ்திரியிடம் ஃபோனில் சொன்னேன். "எடுத்துட்டு வேற வச்சிடலாம்மா, மிச்சக் கல்லு பெட்டியில இருக்குல்ல" என்றார். வியாழக்கிழமை கிறிஸ்துமஸ் லீவில் வருகிறார்.