தெருவுக்கு அந்தப் பக்கம் வேறு கவுன்சில்

லண்டனில் எங்கள் தெருவின் நடுக்கோடுதான் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) எல்லை. இந்தப் பக்கம் குப்பைத்தொட்டி நீலம், எதிர்ப்பக்கம் பச்சை. மகள் ஏழாம் வகுப்புக்குக் கேட்ட பள்ளி பச்சைப் பக்கம், நடந்தால் எட்டு நிமிடம். இடம் ஒதுக்கி மார்ச் 1 அன்று வந்த மின்னஞ்சலில் வேறு பள்ளி, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும்.

பச்சைப் பக்கக் கவுன்சிலுக்குப் போன் செய்தேன். “எங்கள் கவுன்சில் பிள்ளைகளுக்குத்தானே முதலிடம்” என்றார் ஒருவர். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. 1989இல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் வந்த கிரீனிச் தீர்ப்பு இதைத்தான் கூடாது என்கிறது: எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ள முடியாது. சரி, ஆனால் வட்டாரம் பிரித்து முன்னுரிமை கொடுக்கலாம், நியாயமாக இருந்தால். அங்கேதான் குழப்பமே.

இடம் மறுத்தால் மேல்முறையீடு செய்யக் குறைந்தது 20 பள்ளி நாட்கள் தரவேண்டும். “அருமையான பள்ளி, பிள்ளை அழுகிறாள்” என்று எழுதுவதைவிட, அவர்கள் விதியை அவர்களே சரியாகப் பின்பற்றினார்களா என்று பார்ப்பது மேல். எங்கள் வீட்டுத் தூரத்தைப் பள்ளியின் எந்த வாசலிலிருந்து அளந்தார்கள் என்று கேட்டேன். மூடிக்கிடக்கும் பின்வாசலிலிருந்தாம்! விதியில் இருப்பதோ முன்வாசல்.

நேற்று மேல்முறையீட்டு விசாரணை. மூன்று பேர், ஒரு எழுத்தர், ஆறிப்போன தேநீர். அளவைப் பற்றி மட்டும் நான்கு கேள்வி கேட்டார்கள். முடிவுக் கடிதம் ஐந்து பள்ளி நாட்களுக்குள் வரவேண்டும். மகள் இப்போதே தபால்காரரின் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறாள்.