உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?

ஜெர்மனிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஆண்டிலேயே கனமான வாரம் டிசம்பரின் கடைசி வாரம்தான். 24ஆம் தேதி மதியத்தோடு கடைகளை அடைத்துவிடுவார்கள். 25, 26 இரண்டும் விடுமுறை. கணவரின் அலுவலகத்தில் எல்லாரும் பெற்றோர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். என் மொழி வகுப்புக்கும் லீவு. நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஊரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்.

அந்த வாரத்தில்தான், 27 முதல் 30 வரை, கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர்கள் மாநாடு நடக்கிறது. நான் முதன்முதலில் போனது 2023இல். ஜெர்மனியில் எனக்குக் கால் ஊன்றியது எப்போது என்று யாராவது கேட்டால், அந்த நான்கு நாட்களைத்தான் சொல்வேன்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். நான் வந்தது குடும்ப இணைப்பு விசாவில். ஊரில் மென்பொருள் சோதனை வேலை பார்த்தவள். இங்கே வந்த பிறகு எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதலில் கணவரின் பெயர், கணவரின் சம்பளச் சீட்டு, கணவரின் வேலை ஒப்பந்தம். என்னைப் பற்றிய கேள்வியெல்லாம் சான்றிதழில்தான் போய் நிற்கும். பட்டத்தை இங்கே அங்கீகரித்திருக்கிறார்களா? மொழித் தேர்வில் எந்த நிலை? வேலைக்கு விண்ணப்பித்தால், இங்குள்ள அனுபவம் இருக்கிறதா? யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு நாடு புதிதாக வருகிறவரை அளக்க அந்த அளவுகோல்கள்தான் அதனிடம் இருக்கின்றன. ஆனால் மாதக்கணக்கில் அப்படியே அளக்கப்பட்டுக்கொண்டிருந்தால், நமக்கு என்னதான் தெரியும் என்பதே நமக்கு மறந்துபோய்விடும்.

அதிலிருந்து வெளியே வர வழி திறந்தது ஒரு மிக்சி. ஊரிலிருந்து கொண்டுவந்தது, ஒருநாள் நின்றுவிட்டது. இங்குள்ள ஊர்களில் மாதத்தில் ஒருநாள் ரிப்பேர் கஃபே என்று நடத்துவார்கள். பழுதானதைக் கொண்டுபோனால், தெரிந்தவர்கள் கூட உட்கார்ந்து சரிசெய்ய உதவுவார்கள், காசு கிடையாது. கழற்றிப் பார்த்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. மாற்றிக் கொடுத்தவர்கள் அந்த ஊர் ஹேக்கர் கூடத்தை, அதாவது கணினியையும் கருவிகளையும் பிரித்துப் பார்த்துப் பழகுகிறவர்கள் கூடும் இடத்தைச் சேர்ந்தவர்கள். வாரம் ஒரு மாலை யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள், போக ஆரம்பித்தேன். காங்கிரஸ் டிக்கெட் வாங்கும் வழியும் அவர்கள் மூலமாகத்தான் கிடைத்தது. பொது விற்பனை திறந்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

காங்கிரஸைக் கூட்டும் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் 1981இல் பெர்லினில் தொடங்கிய சங்கம். ஹேக்கர் என்றதும் நமக்கு வங்கித் திருடன்தான் நினைவுக்கு வருவான். இவர்களும் ஒருமுறை வங்கிப் பணத்தை எடுத்தவர்கள்தான். அஞ்சல் துறை அப்போது நடத்திவந்த பில்ட்ஷிர்ம்டெக்ஸ்ட் என்ற தகவல் சேவையில் ஓட்டை இருப்பதைக் காட்ட, 1984 நவம்பரில் ஒரு வங்கியிலிருந்து ஒரே இரவில் ஏறக்குறைய 1,35,000 மார்க்கைத் தங்கள் கணக்குக்கு வரவைத்தார்கள். பிறகு அதை ஊரறியச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே ஹாம்பர்கில் முதல் காங்கிரஸ் நடந்தது. 2023இல் நடந்தது 37ஆவது. கொரோனாவால் சில ஆண்டுகள் நேரில் கூடாமலிருந்து, லைப்சிக்கிலிருந்து மறுபடி ஹாம்பர்குக்குத் திரும்பிய ஆண்டு அது. டாம்டோர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே மாநாட்டு மையம்.

உள்ளே போனதும் கையில் ஒரு பட்டை கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். பெயர் அட்டை கிடையாது. எந்தக் கம்பெனி, என்ன பதவி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. விளம்பரதாரர்களின் ஸ்டால்களும் கிடையாது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை. ஒரு மேசையில் பூட்டுகளைச் சாவியில்லாமல் திறக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் பின்னல் ஊசியோடு ஒரு கூட்டம், அதற்கப்பால் பத்து வயதுப் பிள்ளைகள் சால்டரிங் அயர்னைப் பிடித்து விளக்கு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பலர் வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசியை எடுத்துவந்திருந்தார்கள். வளாகத்துக்கென்று தனித் தொலைபேசி வலையமைப்பு உண்டு, ஆளுக்கொரு நான்கு இலக்க எண். எந்த நாடு என்று கேட்பதற்கு முன்னால் “உங்கள் எண் என்ன?” என்று கேட்கிற ஊர் அது.

படம் எடுக்கும் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். படத்தில் அடையாளம் தெரியப்போகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. எந்த விழாவுக்குப் போனாலும் முதலில் போனை நீட்டுகிறவர்கள் நாம். எனக்கு அது இடைஞ்சலாகத் தோன்றவில்லை, ஒரு புதிருக்கு விடையாகத்தான் தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரர் ஏன் அழைப்புமணியில் தன் பெயரைத் தவிர ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார், ரொட்டிக் கடையில் ஏன் இன்னும் ரொக்கமாகவே கொடுக்கிறார்கள் என்றெல்லாம் எனக்கு வந்த நாளிலிருந்து குழப்பம். 1983இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எதிராக இந்த நாட்டு மக்கள் வழக்குப் போட்டார்கள். தன்னைப் பற்றிய தகவல் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது தனிமனிதரின் அடிப்படை உரிமை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010இல் கூகுள் தெருக்களைப் படமெடுத்தபோது சுமார் 2,44,000 வீட்டார் தங்கள் வீட்டை மங்கலாக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார்கள். நாஜி ஆட்சியையும், கிழக்கு ஜெர்மனியில் ஷ்டாசி உளவுத் துறையையும் பார்த்த நாடு. அண்டை வீட்டுக்காரர் ஒதுக்கிவைக்கிறார் என்று நான் நினைத்திருந்ததில் பாதி, தலைமுறைகளாக வந்த எச்சரிக்கை. இந்த நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கை பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு நடத்தும் வகுப்பில், 33 கேள்வித் தேர்வுக்குப் பழகியபோது புரியாதது, அந்தக் கூடத்தில் ஒருவர் போனைக் கீழே இறக்கிக்கொண்டு “உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?” என்று கேட்டபோது புரிந்தது.

உரைகளுக்குப் பஞ்சமில்லை. ஜெர்மன் உரைகளைத் தன்னார்வலர்கள் அங்கேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டே போவார்கள், நம் போனில் கேட்கலாம். அந்த ஆண்டு எல்லாரும் பேசிக்கொண்டது போலந்து ரயில்களைப் பற்றிய உரையைத்தான். தயாரித்த நிறுவனத்திடம் அனுப்பாமல் வேறு பணிமனைக்குப் பராமரிப்புக்கு அனுப்பிய ரயில்கள் காரணமே தெரியாமல் கிளம்ப மறுத்தன. மூன்று பேர் அந்த ரயிலின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். போட்டிப் பணிமனைகள் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் இடக்குறிப்புகள் உள்ளே எழுதப்பட்டிருந்தன, வண்டி அங்கே பல நாட்கள் நின்றால் பூட்டிக்கொள்ளும் என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். தயாரித்த நிறுவனம் அதை மறுத்தது. சோதனை வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்கு அந்த உரை ஒரு வகுப்பு. எந்தச் சூழலில் பழுது வருகிறது, எந்தச் சூழலில் வரவில்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போன விதம் நான் தினமும் செய்த வேலைதான். என் கை மறந்துவிடவில்லை என்று அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

ஆனால் உரைகள் மட்டும் என்றால் வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம். பெரும்பாலானவற்றைப் பதிவு செய்து இலவசமாகப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த இடத்தை என்னுடையதாக்கியது வேலை.

காங்கிரஸை நடத்துவது சம்பள ஆட்கள் இல்லை, வருகிறவர்களேதான். வேலை செய்ய முன்வருகிறவர்களை ஏஞ்சல்கள் என்பார்கள், அவர்களை ஒருங்கிணைக்கும் மேசைக்குச் சொர்க்கம் என்று பெயர். அந்த மேசையில் போய் நின்றேன். இருந்தவர் என் பெயரைக் கேட்கவில்லை, விசாவைக் கேட்கவில்லை. “உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?” என்றுதான் கேட்டார். இந்த நாட்டில் என்னிடம் யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை. இந்தக் கிளப்பின் ஹேக்கர் நெறிகளில் ஒன்று, ஒருவரை அவர் செய்வதைக் கொண்டு மதிப்பிடு, தோற்றம், வயது, பூர்விகம், பாலினம், சமூக நிலை இவற்றைக் கொண்டு மதிப்பிடாதே என்பது. சுவரில் எழுதிவைக்க எல்லாருக்கும் முடியும். அதை ஒரு கேள்வியாக மாற்றி, வரிசையில் நிற்கிற ஒருவரிடம் கேட்கத் தெரிந்திருப்பது பெரிது.

எனக்குக் கிடைத்தது பாட்டில் ஷிஃப்ட். அங்கே எல்லாரும் குடிப்பது கிளப் மாட்டே என்ற, காஃபீன் கலந்த தேயிலை மாதிரியான பானம். அரை லிட்டர் கண்ணாடிப் பாட்டில், காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் டெபாசிட் 15 சென்ட். மேசைகளுக்கு அடியில், படிக்கட்டில், திரைக்குப் பின்னால் என்று எங்கும் காலிப் பாட்டில்கள். சேகரித்து, வகை பிரித்து, பெட்டிக்கு 20 வீதம் அடுக்கி, சக்கரப் பலகையில் ஏற்றித் தள்ள வேண்டும். பெட்டி நிறைய நிறைய கண்ணாடிச் சத்தம் மாறும், கடைசிப் பாட்டில் விழும்போது கலகலவென்ற சத்தம் போய் ஒரு ‘டொக்’. பாட்டில் டெபாசிட் முறை எனக்குக் கடையில் மட்டும் தெரியும். அன்று அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். தண்ணீர்ப் பாட்டிலை எதிர்ப்பக்கம் அடுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவர் நரைத்த தாடிக்காரர், எண்பதுகளிலிருந்து காங்கிரஸுக்கு வருகிறவர்.

கூட அடுக்கிக்கொண்டிருந்த பையன் என் போனில் வந்த செய்தியை எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, நீங்கள் தமிழோ?” என்றான்.

ஜெர்மனியின் மேற்கே ரூர் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து போர்க்காலத்தில் வந்தவர்கள். சனிக்கிழமைகளில் தமிழாலயத்தில் படித்திருக்கிறான், எழுத்துக் கூட்டி வாசிப்பான். “நான் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறனான் அக்கா” என்றான். நான் தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பேன் என்றதும், “அப்ப வாங்கோ, ஒரு மேசை காட்டுறன்” என்று கூட்டிக்கொண்டு போனான்.

அது கையாலேயே விசைப்பலகை செய்கிறவர்களின் மேசை. இரண்டாகப் பிளந்த பலகைகள், கட்டைவிரலுக்குத் தனி விசைகள், யார் எந்த எழுத்தை எங்கே வைக்கலாம் என்று முடிவில்லாத விவாதம். தமிழ்99 பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கம். சொல்லிக்கொண்டிருப்பதைவிடக் காட்டுவது மேல் என்று, அங்கிருந்தவரின் லினக்ஸ் மடிக்கணினியில் அதை நிறுவினோம். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை. திரையில் ‘அம்மா’. புள்ளியை யார் வைத்தது என்று கேட்டார். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குத் தானே புள்ளி விழும். ங அடித்து க அடித்தால் ‘ங்க’ ஆகிவிடும். நம் மொழியில் ஒற்று எங்கே வரும் என்பதைப் பார்த்துப் பார்த்துச் செய்த அமைப்பு. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இன்னும் மூன்று பேர் கூடினார்கள். ஜெர்மனில் எனக்குத் திக்கிய இடத்தில் தம்பி எடுத்துச் சொன்னான். உயிர் ஒரு கை, மெய் ஒரு கை என்றால் கைகள் மாறி மாறி இயங்குமே, அதற்காக நாங்கள் எவ்வளவு கணக்குப் போடுகிறோம் தெரியுமா என்று ஒருவர் வியந்தார். பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் நான் முயலவில்லை. நாங்கள் கிளம்பும்போது அவர் அந்த அமைப்பைத் தன் பிளந்த பலகையில் எப்படிப் பொருத்துவது என்று காகிதத்தில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாமே நன்றாக இருந்தது என்று எழுதினால் அது நேர்மையாகாது. அந்தக் கூட்டத்தில் நம் நிறத்தவர்கள் குறைவு. வீடு துப்புரவு செய்கிற, உணவு கொண்டுவந்து தருகிற புலம்பெயர்ந்தவர்களுக்கு அங்கே வர நேரமும் இல்லை, டிக்கெட்டுக்கும் விடுதிக்கும் காசும் இல்லை. விசா இல்லாமல் வர முடியாதவர்கள் எத்தனையோ பேர். யார் என்று கேட்காத இடத்துக்குள் நுழைவதற்கே, யார் என்று நிரூபித்து எல்லை தாண்டியிருக்க வேண்டியிருக்கிறது. இதை நான் எங்கள் கூடத்தில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், அவர்களும் மறுப்பதில்லை. கட்டுப்படியாகாதவர்களின் டிக்கெட்டுக்கு உள்ளூரிலேயே பணம் திரட்டலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் எழுதும் விதம் மாறிவிட்டது. முன்பு சான்றிதழ்களின் பட்டியலை மேலே வைப்பேன், இப்போது நான் கண்டுபிடித்த பழுதுகளை, கண்டுபிடித்த விதத்தை மேலே வைக்கிறேன். மொழி வகுப்பில் புதிதாக வருகிற பெண்களிடம் முதல் கேள்வியாக என்ன கேட்பது என்பதும் எனக்கு இப்போது தெரியும்.

ஜெர்மனியில் இருக்கும் தமிழர்கள் யாராவது போக நினைத்தால், உங்கள் ஊரில் கேயாஸ் கிளப்போடு தொடர்புடைய கூடம் இருக்கிறதா என்று இப்போதே தேடுங்கள். டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். முதல்முறை வருகிறவர்களுக்குத் துணையாக ஒருவரைச் சேர்த்துவிடும் ஏற்பாடு அங்கே உண்டு, தயங்காமல் அதைக் கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம், அவர்களுக்கென்று தனி இடம் இருக்கிறது. ஒரு நாளில் குறைந்தது ஆறு மணிநேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல் என்று அங்கே எல்லாருக்கும் சொல்லும் விதியை மதியுங்கள், முதல் நாள் ஆர்வத்தில் அது மறந்துபோகும். ஒரு ஷிஃப்டாவது எடுங்கள். பாட்டில் ஷிஃப்ட் காலியாக இருந்தால் அதையே எடுங்கள், அங்கே பேச நிறைய நேரம் கிடைக்கும்.