மாக் லூப்பில் போர் விமானச் சத்தம் கேட்கப் போனேன்

வேல்ஸில் டோல்கெத்லைக்கும் மஹன்லெத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தாக்குகளுக்குத்தான் மாக் லூப் என்று பெயர்; அங்கே போர் விமானங்கள் 250 அடி வரை தாழ்ந்து பறந்து பயிற்சி எடுக்கும். மலைச்சரிவில் ஏறி உட்கார்ந்தால் விமானம் நமக்குக் கீழே போகும். வருகிறவர்கள் எல்லாரும் பெரிய பெரிய லென்ஸோடு வருகிறார்கள், நான் போனது சத்தத்துக்காக. கேட் வெஸ்ட் என்று சொல்லும் பார்வையிடத்துப் பக்கம் ஏறினேன். செங்குத்தான ஏற்றம், ஆளைத் தள்ளுகிற காற்று. வார நாளாகப் பார்த்துப் போங்கள், அப்பவும் எது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் வந்தது ஹாக், ஆங்கிள்சி தீவிலிருந்து வரும் பயிற்சி விமானம். சின்ன எஞ்சின், ஆஃப்டர்பர்னரும் (வால் பக்கம் கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் அமைப்பு) கிடையாது, ஒரு கீச்சுக்குரலோடு முடிந்துவிட்டது. அப்புறம் லேக்கன்ஹீத் தளத்து எஃப்-15இ ஜோடி. வரும்போது பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, எஞ்சினின் முன்னால் காற்றை அமுக்குகிற கம்ப்ரெசர் போடுகிற சீழ்க்கை மட்டும்தான், அதுவும் விமானமே மணிக்கு 800 கிலோமீட்டரை ஒட்டி வருவதால் சத்தத்துக்குப் பின்னாலேயே விமானமும் வந்து நிற்கிறது. தாண்டிப் போன பிறகுதான் இடி. ஜெட் இரைச்சல் அதிகமாகப் போவது வால் பக்கம் சாய்வாகத்தான், அந்தச் சாய்வு நம் மேல் விழும்போது நெஞ்சுக்கூடு அதிர்கிறது.

இந்த இடி எஞ்சினுக்குள்ளே உண்டாவது இல்லை. பீய்ச்சி வெளியே வரும் சூடான காற்று, சும்மா நிற்கிற காற்றோடு முட்டிக் கலங்குகிற சத்தம் அது. 1952ல் லைட்ஹில் என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர் இதைக் கணக்காகவே போட்டுவிட்டார்: இரைச்சலின் ஆற்றல் காற்று பீய்ச்சும் வேகத்தின் எட்டாம் படியில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் இரைச்சல் 256 மடங்கு (ஒலியின் வேகத்தைத் தாண்டினால் இந்தக் கணக்கு மாறும்). பயணிகள் விமானத்தில் பெரிய விசிறி வைத்து, எஞ்சின் மையத்துக்குள் போவதைப் போல ஒன்பது பத்து மடங்கு காற்றை வெளிப்பக்கமாக மெதுவாகத் தள்ளுகிறார்கள். டைஃபூன் என்ற ஐரோப்பியப் போர் விமானத்தின் எஞ்சினில் அந்த விகிதம் 0.4 தான். அவ்வளவு பெரிய விசிறியைப் போர் விமானத்துக்குள் திணித்தால் அது மாக் 2, அதாவது ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம், போகாது, ஆகவே கொஞ்சக் காற்றை வெறித்தனமான வேகத்தில் துப்பியே ஆகவேண்டும்.

எனக்குப் பிடித்தது அந்த இடிக்குள் கேட்கிற படபடப்புதான், கெட்டித் துணியை யாரோ விடாமல் கிழிக்கிற மாதிரி. புகை ஒலியை மிஞ்சிய வேகத்தில் வெளியேறும்போது அழுத்த அலைகள் கூர்மையாகித் திடீர் திடீரென்று காதில் குத்தும். 1975ல் ஃபோக்ஸ் வில்லியம்ஸ் என்ற ஒலி ஆய்வாளரின் குழு இதைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்தது. ஆஃப்டர்பர்னர் போட்டால் இது இன்னும் கூடும், ஆனால் நான் இருந்தவரை பள்ளத்தாக்கில் யாரும் போடவில்லை. அதைக் கேட்க விமானக் கண்காட்சிதான் சரியான இடம். காதடைப்பான் இல்லாமல் போய் நிற்காதீர்கள்.